கண் கார்ட்

தாங்கள் செத்த பிறகு கண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் சவுக்குமலைத் தோட்டத்தில் மொத்தம் இருபத்து மூன்று பேர். யட்டவத்தப் பக்கம் கண்தானத்தைப் பெரும் புண்ணியமாக நினைக்கிற பௌத்தர்களின் பெரிய பன்சலைக் கோயில் இருக்கிற ஊர்களில்கூட அத்தனை பேர் தேறமாட்டார்கள். வெளியூர்க்காரர் கேட்டால், றப்பர் பால் வெட்டிப் பிழைக்கிற சனத்துக்கு இவ்வளவு பெரிய மனசா என்று கையெடுத்துக் கும்பிடுவார். உள்ளதைச் சொன்னால், அந்த இருபத்து மூன்று பேரில் ஒருவனுக்குக்கூடக் கண்ணைக் கொடுக்கிற எண்ணம் கிடையாது.

முதலில் எழுதிக் கொடுத்தவன் லோரன்ஸ். யட்டவத்தச் சந்தியில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கிற ஸெய்னுலாப்தீன் முதலாளியின் கடையில் மூட்டை தூக்குகிற நாட்டாமி. வாரத்தில் இரண்டு நாள் லொறியோடு மாத்தளைக்கும், எப்போதாவது கொழும்புக்கும் போவான். மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் இருந்தும் அவனிடம் அடையாள அட்டை இல்லை. அட்டைக்குப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்குப் போனால் அப்பனுடைய பிரஜாவுரிமைக் கடுதாசியைக் கேட்டார்கள். அப்பனோ அந்தக் கடுதாசி இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று பார்த்திருந்தே செத்துப்போனவர்.

தொண்ணூற்றாறில் கொழும்பில் பெரிய குண்டு வெடித்தது. அந்த மாதமே ஒரு சோதனைச் சாவடியில் லொறியை மறித்து, அட்டையில்லாத தமிழன் என்று லோரன்ஸை இறக்கிக்கொண்டார்கள். கண்ணைக் கட்டி மூன்று நாள் வைத்திருந்தார்கள். முதலாளி போய்ச் சொல்லித்தான் ஆள் திரும்பி வந்தான். அடி வாங்கியதைக்கூட அவன் பெரிதாகச் சொல்லவில்லை. அந்தக் கண்கட்டைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். அதற்குப் பிறகு காம்பரா அறையில் குப்பி லாம்பு அணைந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வான். ஐம்பது வயது ஆம்பிளை, இரண்டு அந்தர், நூறு கிலோ மூட்டையைத் தனியாகத் தூக்குகிறவன், இருட்டுக்குப் பயந்தான் என்றால் யார் நம்புவார்கள்? அவன் பெண்சாதி அந்தோனியம்மா நம்பினாள். திரியைத் தூண்டிவிட்டவள் அவள்தானே.

அந்தச் சமயத்தில் ஹேரத் மாத்தயா முதலாளி கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற சிங்களத் தபாலதிபர், கண்தானத்துக்கு ஆள் சேர்ப்பதையே வேலையாக வைத்திருந்தவர். எழுதிக் கொடுத்தால் படம் ஒட்டி, முத்திரை குத்தி, பேரும் விலாசமும் சிங்களத்தில் எழுதி ஒரு கார்ட் தருவார்கள் என்று அவர் சொன்னதும், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு லோரன்ஸ் முன்னால் வந்து நின்றான். கார்ட் கைக்கு வந்த வாரமே மறுபடி லொறியை மறித்தார்கள். அதை நீட்டினான். சிப்பாய் அதைப் படித்தான், அவன் முகத்தைப் பார்த்தான், துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கார்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

இந்தச் சேதி லயத்துக்குள் வந்த பிறகு கேட்பானேன். ஆறு மாதத்துக்குள் இருபத்து மூன்று பேர். லோரன்ஸின் மகன் நோபர்ட் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறவன், அவனுக்கும் ஒன்று. தங்கச்சி டொறீனின் புருசன் பொன்னையாவுக்கு ஒன்று. தோட்டத்துக் கோயிலில் செபம் சொல்கிற உபதேசியார் பஸ்தியாம்பிள்ளைக்கும் ஒன்று. கடவுள் கொடுத்த கண்ணை வைத்துக் கவர்மெண்டு கொடுக்காத கார்டை எடுத்தார்கள்.

படிவத்தில் வீட்டுக்காரியின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அந்தோனியம்மா பேனையைப் பிடித்தபடி யோசித்தாள்.

"நெசமாவே எடுத்துக்குவாங்களா?"

"இது ரோட்டுக்குப் புள்ள, சாவடியில காட்ட. போடு கையெழுத்த."

"செத்தா வந்து நிப்பாங்களே?"

"வந்தா இல்லேன்னு சொல்லிரு. பொண்டாட்டி வேணாம்னா எடுக்க மாட்டாங்களாம். நான் கேட்டுட்டுத்தான் வந்தேன்." பிறகு அவள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அந்தோனியார் படத்துக்கு முன்னால் நிறுத்தினான். "சத்தியம் பண்ணு. என்னைய முழுசாப் பொதைக்கணும். கடைசி நாள்ல சாமி கூப்பிடுறப்ப எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்க. நான் மட்டும் அந்த இருட்டுல தடவிக்கிட்டுக் கெடக்க ஏலாது. மூணு நாளே ஏலாமப் போச்சு."

அவள் சத்தியம் செய்தாள். செய்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

தொண்ணூற்றேழு ஐப்பசி. விடிய விடியத் தூறி, மரமெல்லாம் ஈரமாகிப் பால்வெட்டு பிந்திவிட்டது. ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் பால் கோடு மாறி வழிந்து வீணாகும். ஏழரைக்கு மேல்தான் கங்காணி வெட்டச் சொன்னார். பத்தரை மணிபோல அந்தோனியம்மா சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு வந்தாள். வானம் மறுபடி கறுத்தது. மழை விழுந்தால் பாலோடு தண்ணீர் கலந்து பாதி நாள் பெயர்கூட, பாதிச் சம்பளம்கூடக் கிடைக்காது. அப்போதுதான் கீழ்லயத்திலிருந்து ஆள் வந்து, "அக்கா, அண்ணனுக்குச் சொகமில்லையாம், கடையில விழுந்துட்டாராம், வரச் சொன்னாங்க" என்றான்.

"இந்தா, இன்னும் நாப்பது மரந்தான், ஊத்திட்டு வாறேன்" என்றாள். ஊற்றினாள். வாளியைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துக் கொடுத்து, கையில் ஒட்டியிருந்த பாலை உரித்துப் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள். அந்த நாற்பது மரத்தை நினைத்து அவள் பிற்பாடு எத்தனை நாள் அழுதாள் என்பது அவளுக்கே கணக்கில்லை.

லயத்துக்கு அவள் வந்தபோது முதலாளியின் லொறி வாசலில் நின்றது. மிளகு மூட்டையை முதுகில் ஏற்றினவன் அப்படியே முழங்கால் மடிந்து உட்கார்ந்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சு நின்று போனது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். முதலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, எங்கட கையில ஒண்டுமில்ல. நோபர்ட்டுக்கு நான் கடையில இருந்து போன் பண்ணிச் சொல்லிட்டேன். புள்ள பஸ் ஏறிட்டான்" என்றார்.

அந்தோனியம்மா விழுந்து அழுதாள். டொறீன் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெண்கள் செபமாலையை எடுத்தார்கள். அடுத்த காம்பராவில் யாரோ சாயத் தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டினார்கள். எந்தச் செத்த வீட்டிலும் நடக்கிறதுதான். பன்னிரண்டு மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு ஹேரத் மாத்தயா வந்து இஸ்தோப்புத் திண்ணையில் ஏறினபோதுதான், இது மற்றச் செத்த வீடு மாதிரி இல்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது. செபமாலை பாதியில் நின்றது.

அவர் பிணத்துக்கு முன்னால் குனிந்து கும்பிட்டார். "அக்கா, கவல வேணாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "லோரன்ஸ் கண்ணு எழுதினது. செத்து நாலு மணித்தியாலத்துக்குள்ள எடுக்கணும். இப்பவே ஒண்டரை மணித்தியாலம் போயிட்டுது. அக்கா சரி சொன்னாத்தான் மாத்தளைக்கு போன் பண்ணுவேன்."

டொறீன் ஆங்காரமாக எழுந்தாள். "ஏன் மாத்தயா, எங்க அண்ணன் என்ன அனாதப் பொணமா? முழிய நோண்டிப் போத்தல்ல போட்டு வெளிநாட்டுக்கு ஏத்துவீங்க, நாங்க குழி விழுந்த மூஞ்சியப் பாத்து ஒப்பாரி வைக்கணுமா? ஒங்க ஆளுங்ககிட்ட இல்லாத கண்ணா?"

"மொகம் ஒண்டும் ஆகாது நங்கி. பத்துப் பதினஞ்சு நிமிசம். இமை மூடினா தூங்கிற மாதிரித்தான் இருக்கும்."

"ஒடம்பு முழுசா இல்லாட்டி உயிர்ப்பு நாள்ல எப்படி எந்திரிக்கிறது? உபதேசியார் ஐயா, நீங்க வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

பஸ்தியாம்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்தளைச் சாமியார் ஒருக்காப் பிரசங்கத்துல சொன்னாரு, அது அன்புச் செயல்தான், பாவமில்லன்னு. கடல்ல செத்தவன், நெருப்புல செத்தவன் எல்லாரையும் ஆண்டவர் எழுப்பத்தானே போறாரு."

"அப்ப ஒங்க கண்ணக் குடுப்பீங்களா?"

உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே மழையைப் பார்த்தார்.

டொறீன் இன்னும் கத்தியிருப்பாள். பொன்னையா அவளைக் கோடிப்புறமாகக் கூப்பிட்டுப் போனான். இரண்டு நிமிஷம் பேசியிருப்பார்கள். திரும்பி வந்தவள் வேறு டொறீன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தோனியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி, குடுத்துருவோம் அண்ணி" என்றாள்.

அந்தோனியம்மா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். வாசலில் ஆம்பிளைகள் கூடியிருந்தார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராக. அவள் முகங்களை எண்ணாமலே அறிந்துகொண்டாள். எல்லாரும் கார்ட் வைத்திருக்கிறவர்கள்.

பொன்னையாதான் பேசினான். "தங்கச்சி, நான் சொல்றேன்னு கோவிக்காத. கார்ட் எடுத்ததுல மொதச் சாவு நம்ம வீட்டுலதான். இன்னிக்கு நாம இல்லேன்னு சொன்னா நாளைக்கு ஊரு பூராப் பேசும். சந்தியில நிக்கிற ஊர்காவல் பொடியன்க யாரு? எல்லாம் மாத்தயா ஊர்ப் பொடியன்கதானே. சவுக்குமலைக்காரன் கண் கார்ட் பொய்க் கார்டுன்னு ஆயிட்டா, அப்புறம் நாங்க எதக் காட்டிட்டுப் போறது?"

"லோரன்ஸ் அண்ணன் நம்மளுக்கெல்லாம் வழி காட்டுன மனுசன்" என்றான் பின்னாலிருந்த ஒருவன். "அவரு பேரச் சொல்லித்தான் நாங்க ரோட்டுல போறோம். குடுத்தாப் புண்ணியம்."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். தங்கள் கண்ணைப் பற்றி மூச்சு விடாதவர்கள், அடுத்தவன் கண்ணைப் புண்ணியத்துக்கு எழுதினார்கள். ஆனால் அவர்களைத் திட்ட அந்தோனியம்மாவுக்கு மனம் வரவில்லை. எல்லாரும் அடி வாங்கினவர்கள். அவர்களில் இரண்டு பேர், பிடிபட்டுப் போய்த் திரும்பி வராதவர்களின் தம்பிமார்.

"தள்ளுங்க" என்று எழுந்து இஸ்தோப்புக்கு வந்தாள். ஹேரத் மாத்தயா வாங்குப் பலகை நுனியில் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இந்த மனுசனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

"மாத்தயா, அவரு மனசாரக் குடுக்கல்ல. ரோட்டுக்காக எழுதினது. குடுக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு. ஒங்கள ஏமாத்திட்டோம்."

அவர் தலையை ஆட்டினார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் ரோட்டுக்குத்தான் எடுத்தது. ஒரு தோட்டத்துல இருபத்து மூணு பேர் ஒரே மூச்சில வந்தா எனக்குத் தெரியாதா அக்கா? நானும் ரோட்டுக்கு எண்டு தெரிஞ்சுதான் கார்ட் எழுதிக் குடுத்தேன்." குடையின் நுனியால் ஈரத் தரையைக் கீறினார். "எம்பத்தொம்பதுல சிங்களப் பொடியன்களையே ஆமி பிடிச்ச நேரம், என்ட மகனத் தூக்கிட்டுப் போனாங்க. கம்பஸ்ல படிச்ச புள்ள. கையில காட்ட ஒரு நல்ல கடுதாசி இருந்தா விட்டிருப்பாங்களோ எண்டு எட்டு வருசமா நெனைக்கிறேன். அதுதான் வந்தவங்களுக்கெல்லாம் குடுத்தேன்."

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா வேணாம் எண்டு சொன்னா நான் போறேன். ஒருத்தர்கிட்டயும் ஒண்டும் சொல்ல மாட்டேன். பொஞ்சாதிக்கு விருப்பமில்ல, அவ்வளவுதான். ஆனா ஊர் வாய நான் மூட ஏலாது."

வற்புறுத்தியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம், சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கலாம். இப்படித் தாழ்ந்து பேசுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றாள். உள்ளே பார்த்தால் புருசன் கிடக்கிறான். வெளியே பார்த்தால் இருபது உயிர் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறது.

"மணி என்ன மாத்தயா?"

"பன்னெண்டரை தாண்டிட்டுது."

"கொழும்புல இருந்து வர எத்தன எடத்துல எறக்கிப் பாப்பாங்க?"

"இப்ப ஆறு ஏழு எடம் இருக்கும்."

நோபர்ட் பஸ்ஸில் இருக்கிறான். அப்பன் செத்த சேதி கேட்டு அழுத கண்ணோடு, ஆறு ஏழு இடத்தில் இறங்கி, வரிசையில் நின்று, அந்தக் கார்டை நீட்டிக்கொண்டு வருகிறான். இன்றைக்கு வருகிறவன் மூன்றாம் நாள் திரும்பிப் போக வேண்டும். பிறகு பெருநாளுக்கு வர வேண்டும். செத்தவனுக்குக் கடைசி நாள் எப்போது என்று சாமிக்குத்தான் தெரியும். உயிரோடு இருக்கிறவனுக்கோ ஒவ்வொரு சாவடியும் கடைசி நாள்.

"போன் பண்ணுங்க" என்றாள்.

வாசலில் நின்றவர்கள் மூச்சு விட்டது உள்ளே கேட்டது. அந்தோனியம்மா திரும்பி அவர்களைப் பார்த்தாள். "ஒங்க யாருக்காகவும் இல்ல. எம் புள்ளைக்காக. போங்க, போய்ப் பொட்டிக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றாள்.

ஹேரத் மாத்தயா சொன்னபடி, பஞ்சை நல்ல தண்ணீரில் நனைத்து மூடின இமைகள் மேல் வைத்தாள். தலைக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்தினாள். காய்ச்சல்காரனுக்குச் செய்கிற மாதிரி அடிக்கடி பஞ்சைத் தொட்டுப் பார்த்து மாற்றினாள்.

ஒன்றே முக்காலுக்கு மாத்தளையிலிருந்து ஆள் வந்தார். ஒல்லியான மனுசர், அதிகம் பேசாதவர், கையில் ஐஸ் போட்ட பெட்டி. காம்பராவுக்குள் யாரும் நிற்கக் கூடாது என்றார். "நான் நிப்பேன்" என்றாள் அந்தோனியம்மா. அவர் ஹேரத்தைப் பார்த்தார். ஹேரத் ஏதோ சிங்களத்தில் சொன்னார். கதவைச் சாத்தினார்கள்.

அவள் புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். கை விறைக்கத் தொடங்கியிருந்தது. சாக்கு நாரும் மிளகு வாசமும் இன்னும் அந்தக் கையில் இருந்தன. இருட்டில் எழுந்து உட்கார்ந்து, "புள்ள, இருக்கியா?" என்று தடவுகிற கை. "இருக்கேன், இருக்கேன், பயப்படாதீங்க" என்று அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னால் கேட்ட சின்னச் சின்னச் சத்தங்களைக் கேட்காத மாதிரி இருந்தாள். பதினைந்து நிமிஷம் என்றார்கள். அவளுக்கு அது முடியவே முடியாத நேரமாக இருந்தது.

முடிந்து திரும்பிப் பார்த்தாள். ஹேரத் சொன்னது பொய்யில்லை. தூங்குகிற முகம்தான். தெரியாதவருக்கு ஒன்றும் தெரியாது.

"யாருக்கு வைப்பாங்க?" என்று கேட்டாள்.

"சொல்ல மாட்டாங்க அக்கா. எங்களுக்கே தெரியாது. ரெண்டு பேருக்கு வெளிச்சம் வரும்."

நல்லது என்று அவள் நினைத்தாள். உண்மையிலேயே நினைத்தாள். யாரோ இரண்டு பேர் இருட்டிலிருந்து வெளியே வருவார்கள். அதற்காக இவனை உள்ளே தள்ளிவிட்டேனே என்பதும் அதே நேரத்தில் நெஞ்சை அறுத்தது. இரண்டில் எது பெரிது என்று அவளால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைத் தோட்டம் அதுவரை கண்டதில்லை. நாட்டிலிருந்து, அதாவது சிங்களக் கிராமத்திலிருந்து, வெள்ளை உடுத்திய ஆம்பிளையும் பெண்ணுமாக மழையில் மேடேறி வந்தார்கள். கோயில் பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டினார்கள். பன்சலையிலிருந்து வந்த பிக்கு ஹாமுதுரு, பெட்டிக்கு முன்னால் நின்று, தன் கண்ணைக் கொடுத்தவன் பிறவியில் பெரியவன் என்று பேசினார். ஹேரத் மாத்தயா அதைத் தமிழில் சொன்னார். சந்தியில் நிற்கிற ஊர்காவல் பையன்கள் நாலு பேர் துப்பாக்கியில்லாமல் வந்து, பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்தார்கள். வாழ்நாள் பூராவும் மூட்டை தூக்கினவனை அன்றைக்கு ஊரே தூக்கியது.

பொன்னையா பெட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். பார்த்தவன் கார்ட் இருந்த சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டான்.

முதல் நாள் இராத்திரி வந்து சேர்ந்த நோபர்ட் அம்மாவின் பக்கத்திலேயே நின்றான். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "வாற வழியில ஒரு எடத்துல கெடுபுடி பண்ணுனாங்கம்மா. கார்டக் காட்டுனேன், அப்பா செத்துட்டாருன்னு சொன்னேன், விட்டாங்க" என்றான். பிறகு மெதுவாக, "நாங்கல்லாம் ரோட்டுக்காக எழுதுனோம். அப்பா நெசமாவே எழுதியிருக்காரு, இல்லையாம்மா? அப்பா இவ்வளவு பெரிய மனுசன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றான்.

அந்தோனியம்மா மகனின் முகத்தைப் பார்த்தாள். "ஆமாய்யா, நெசமாத்தான் எழுதினாரு" என்றாள்.

கல்லறை மேட்டில் உபதேசியார் மன்றாட்டுச் சொல்லி முடித்தார். பெட்டியை மூடப் போகிறோம், பார்க்கிறவர்கள் பாருங்கள் என்றார்கள். டொறீன் வந்து நெற்றியில் முத்தம் வைத்தாள். நோபர்ட் காலைத் தொட்டான். அந்தோனியம்மா கடைசியாகக் குனிந்தாள். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து யாரும் கிட்டப் போகவில்லை.

அவள் அழவில்லை. புருசனின் காதோடு வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க, கேக்குதா? சத்தியத்த மீறிட்டேன். திட்டுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். கடைசி நாள்ல சாமி கூப்பிட்டதும் அவசரப்பட்டு எந்திரிச்சுராதீங்க. எல்லாரும் போகட்டும். தடவிக்கிட்டு அலையாதீங்க. படுத்தே இருங்க. நான் எங்க கெடந்தாலும் மொத ஒங்ககிட்ட வந்து கையப் புடிச்சுக்கிறேன். அதுவரைக்கும் பயப்படாமக் கெடங்க."

பிறகு நிமிர்ந்து, மூடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.